அத்தான் தொடாத இடம்

எங்கள் தெருவில் அத்தானுக்கு ‘சர்ஜன்’ என்று பெயர். வைத்தவர் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். “வண்டி வயித்தக் கிழிக்கிறதுல சர்ஜன மிஞ்ச ஆளே இல்ல. திரும்பத் தைக்கிறதுலதான் கொஞ்சம் தகராறு” என்று அவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தபோது அத்தான் அந்தப் பக்கமாக நடந்து போயிருக்கிறார். முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்து, “தொழில் தெரிஞ்சவனே ஒத்துக்கிட்டான் பாரு” என்றார். அக்கா அப்போது ஒரு படுக்கை விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள். தேவைக்கு அதிகமாகவே பிழிந்தாள்.

அத்தான் என் அக்கா வீட்டுக்காரர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை ஒரு லிஃப்ட் கம்பெனியில் போன் எடுத்தவர். எங்காவது ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் சுவரிலிருக்கும் பொத்தானை அமுக்குவார்கள். இந்த முனையில் அத்தான் பேசுவார். “பதறாதீங்க. ஆள் கிளம்பிட்டாரு. வந்துட்டே இருக்காரு.” ஆள் கிளம்பினாரா, தூங்கினாரா என்பது அத்தானுக்குத் தெரியாது. அது அவர் வேலையும் இல்லை. குரல் மட்டும் இதமாக இருக்க வேண்டும். இருந்தது. அந்தக் குரலைக் கேட்டு லிஃப்டுக்குள்ளேயே தூங்கிப்போனவர்கள் உண்டு என்று அவரே சொல்வார்.

ஒரு லிஃப்டின் ஒரு திருகாணியைக்கூட அவர் தொட்டதில்லை. ஆனால் இத்தனை வருஷம் மெக்கானிக்குகளோடு ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருந்ததில் தொழில் தானாக உடம்பில் ஊறிவிட்டது என்பது அவருடைய நம்பிக்கை. சலவைக்கூடத்தில் சும்மா நின்றாலே சட்டை வெளுத்துவிடும் என்கிற மாதிரி.

சலவைக்கூடம் எங்களுடையதுதான். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான அறை. இரண்டு பெரிய மெஷின், ஒரு சிமெண்ட் தொட்டி, இஸ்திரி மேசை, சுவரோரமாக மடித்த துணிகளை அடுக்கும் பலகைகள். காய வைப்பது மொட்டைமாடியில். அக்கா, நான், இஸ்திரிக்காரம்மா என்று மூன்று பேர். ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஹோட்டலின் விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் எங்களிடம்தான் வெளுக்க வரும். வேறு பெரிய வாடிக்கை கிடையாது. அந்த ஹோட்டல் இருந்தால் நாங்கள் இருக்கிறோம். அவ்வளவுதான் கணக்கு.

துணியை எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு வருவது அத்தான். வண்டி ஒரு பழைய டீசல் கார். பின்சீட்டை மடக்கிவிட்டால் ஹோட்டல் முழுவதற்கும் போதுமான துணி அதில் அடங்கும். வாங்கும்போதே அதற்கு வயது அதிகம். அத்தான் அதைத் துடைப்பதையும், தட்டிக்கொடுப்பதையும், காலையில் அதனிடம் நலம் விசாரிப்பதையும் பார்த்து அக்கா அதற்கு ‘மூத்த சம்சாரம்’ என்று பெயர் வைத்திருந்தாள். “மூத்தவளுக்கு இன்னிக்கு உடம்பு தேவலையா?” என்று கேட்பாள். அத்தான் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொள்ள மாட்டார். “லேசா இருமுறா” என்று பதில் சொல்வார்.

ஒரே ஒருமுறை அவர் உண்மையாகவே ஜெயித்தார். எங்களைப் பிடித்த சனி அங்கேதான் தொடங்கியது. ஒரு குளிர்காலத்தில் வண்டி காலையில் கிளம்பவே இல்லை. செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை, வெள்ளைப் புகை மட்டும் வருகிறது. அத்தான் போனில் வீடியோ பார்த்தார். ஹீட்டர் பிளக் என்று ஒன்று இருக்கிறதாம். டீசல் எஞ்சினுக்குக் காலையில் வயிற்றில் கொஞ்சம் சூடு காட்டினால்தான் எழுந்திருக்குமாம். அவர் அதைக் கழற்றி, புதிது வாங்கி மாட்டினார். வண்டி கிளம்பிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தார். இனிமேல் இந்த மனிதரை யாராலும் நிறுத்த முடியாது என்று தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு பானெட் மூடியிருந்த நாளைவிடத் திறந்திருந்த நாள்தான் அதிகம். ஒவ்வொரு ரிப்பேருக்குப் பிறகும் ஏதாவது மிஞ்சும். ஒரு போல்ட், ஒரு வாஷர், ஒரு கிளிப். அவற்றைக் காலி சோப்புத்தூள் டப்பாவில் போட்டு வைப்பார். “கம்பெனிக்காரன் தேவைக்கு மேல போட்டிருக்கான். நான் பாரத்தக் குறைச்சிருக்கேன்” என்பார். டப்பா நிறைந்து இரண்டாவது டப்பாவும் பாதிக்கு வந்துவிட்டது. பட்டறைக்காரர் ஒருமுறை அந்த டப்பாவைக் குலுக்கிப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் சேர்ந்தா இன்னொரு வண்டி பண்ணிரலாம் சார்” என்றார். அன்றிலிருந்து அத்தான் பட்டறைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. வண்டியை அங்கே விடலாம் என்று அக்கா வாயெடுத்தாலே, “என் வண்டியில இன்னொருத்தன் கை வைக்கிறதா?” என்பார்.

என் வேலை டார்ச் பிடிப்பது. “சின்னவளே, கொஞ்சம் டார்ச் பிடி” என்பார். வெயில் மண்டையைப் பிளந்தாலும் அவருக்கு டார்ச் வேண்டும். எதிரில் ஒரு ஆள் வெளிச்சம் பிடித்துக்கொண்டு நின்றால்தான் ஆபரேஷன் நடப்பதுபோல் இருக்கும் போலிருக்கிறது. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. அது அவருக்கு வசதி. அவர் பேசுவதற்கெல்லாம் ‘ம்’ போட்டுக்கொண்டு நிற்பேன். புரியாத இடம் வந்தால் அவர் திருகாணியை வாயில் கவ்விக்கொள்வார். பொய் சொல்லும்போது காது சிவக்கும். இதெல்லாம் டார்ச் வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் டார்ச் பிடிக்கவில்லை. அக்காவும் நானும் மொட்டைமாடியில் விரிப்பு காயப் போட்டுக்கொண்டிருந்தோம். இஸ்திரிக்காரம்மாவுக்கு லீவு. கீழே அத்தான் தனியாக ஏர் ஃபில்டர் மாற்றினார். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றில்லை. வண்டி ஏற்றத்தில் கொஞ்சம் முனகுகிறது, தூசி அடைத்திருக்கும் என்றார். ஓடுகிற வண்டியைத் திறக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் எப்படி ஓட்டுவது? மேலே வந்து முகம் பளபளக்கச் சொன்னார்:

“வீடியோவுல சொன்னதுல ஒண்ணுகூட விடல. தூசி, துரும்பு உள்ள போகாம அவ்வளவு சுத்தமாப் பண்ணியிருக்கேன். பட்டறையில இந்தச் சுத்தம் கிடைக்குமா?”

“எதாவது மிஞ்சிச்சா?” என்றாள் அக்கா.

“ஒரு திருகாணிகூட மிஞ்சல.”

அது உண்மைதான். அன்றைக்கு எதுவும் மிஞ்சவில்லை. நாங்கள் அப்போதே கலவரப்பட்டிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை இரண்டு விஷயம் நடந்தது. ஹோட்டலுக்குப் போகும் ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை. பின்னால் வந்தவன் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே தாண்டிப் போனானாம். அதோடு, ஹோட்டலில் துணியை எண்ணி வாங்கும்போது ஒரு துண்டு குறைந்தது. நீலக் கரை போட்ட, முகம் துடைக்கிற சின்னத் துண்டு.

அங்கே துணி வாங்குகிறவரை எல்லோரும் மேடம் என்றுதான் சொல்வோம். பேச்சைவிடப் பெருமூச்சு அதிகம் விடுகிறவர். அவர் அக்காவுக்கு போன் செய்து, “ஏம்மா, ஒண்ணு குறையுதே” என்று சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். அக்காவுக்கு முகம் செத்துப்போய்விட்டது. இத்தனை வருஷத்தில் அவள் கையில் ஒரு தலையணை உறை தவறியதில்லை.

சலவைக்கூடத்தைத் தலைகீழாகப் புரட்டினோம். மெஷினுக்குப் பின்னால், தொட்டிக்குள், பக்கத்து வீட்டு மாடியில்கூடப் பார்த்தாயிற்று. அக்கா யாரையும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் இஸ்திரி மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அது போதாதா?

“என்னக்கா, என் காலடியில தேடுறீங்க?” என்றார் இஸ்திரிக்காரம்மா. “நான் ஒத்தக் கட்டை. என் வீட்டுல மூஞ்சி துடைக்க வேற மூஞ்சியே கிடையாது. நான் எதுக்கு உங்க துண்ட எடுக்கப்போறேன்?”

“உன்ன யாரு சொன்னா? விழுந்து கிடக்குதான்னு பார்த்தேன்.”

“நல்லாப் பாருங்க. புடவையையும் உதறிக் காட்டவா?”

அன்று முழுவதும் இஸ்திரிப்பெட்டி மேசைமேல் விழுந்த சத்தத்தில் பேச்சே எடுபடவில்லை. அத்தானும் தேடினார். அலமாரிக்கு மேலே எல்லாம் எக்கிப் பார்த்தார். “ஒரு துண்டக்கூட ஒழுங்கா வச்சுக்கத் தெரியல. நான் இத்தன திருகாணி கழட்டுறேன், ஒண்ணு தொலைஞ்சிருக்கா?” என்று எங்களுக்குப் புத்தி வேறு சொன்னார்.

செவ்வாய்க்கிழமை புகை ஆரம்பித்தது. கறுப்பு என்றால் அப்படி ஒரு கறுப்பு. வண்டி கேட்டைத் தாண்டும்போது மொட்டைமாடியில் நின்ற நான் கொடியிலிருந்த விரிப்பை எல்லாம் வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடினேன். வெள்ளைத் துணி வெளுக்கிற வீட்டில் கறுப்புப் புகை விடுகிற வண்டி. வேறு எந்த வீட்டுக்கும் இந்தப் பாக்கியம் கிடைத்திருக்காது.

அத்தான் வீடியோவைப் போட்டார். அன்று டார்ச் என் கையில். வீடியோக்காரர் பொறுமையாகச் சொன்னார்: வெள்ளைப் புகை வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, கறுப்புப் புகை வந்தால் டீசல் அதிகம், அல்லது காற்று போதவில்லை. ‘டீசல் அதிகம்’ என்ற இடத்திலேயே அத்தான் தலையை ஆட்டத் தொடங்கிவிட்டார்.

“காத்துன்னும் சொல்றாரே” என்றேன். நானாகப் பேசியது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

“காத்து நம்ம கேஸ் இல்ல சின்னவளே. ஏர் ஃபில்டர் நான்தானே புதுசாப் போட்டிருக்கேன்? அந்த இடத்துல ஒரு குறையும் வராது. நம்ம வேலை.”

அதற்கு மேல் என்ன சொல்வது? ‘ம்’ என்றேன்.

அன்றிலிருந்து அவர் வண்டியில் விட்டுவைத்த இடமில்லை. டீசலில் கலப்படம் என்று டாங்கிலிருந்த டீசலை முழுவதும் இறக்கி வாளியில் பிடித்தார். எங்கள் வாளி. அது இன்றைக்கும் நாறுகிறது. பாட்டரி முனைகளைக் கழற்றி வெந்நீர் ஊற்றிக் கழுவினார். ஹீட்டர் பிளக்கை, பழைய பாசத்தில், இன்னொரு முறை கழற்றி மாட்டினார். இன்ஜெக்டர் சுத்தமாகும் என்று ஒரு திரவத்தை வாங்கி ஊற்றினார். சைலன்ஸர் குழாய்க்குள் குச்சியை விட்டுக் குடைந்தார். குச்சியில் பாதி உள்ளேயே தங்கிவிட்டது. ஒவ்வொன்றுக்குப் பிறகும், “பதறாதீங்க, அவ்வளவுதான், சரியாப் போச்சு” என்பார். வண்டியும் நின்ற இடத்தில் சமர்த்தாகத்தான் ஓடும். தெருவில் இறங்கி ஆக்ஸிலேட்டரை மிதித்தால் மூச்சு வாங்கும். நாளுக்கு நாள் அது கூடிக்கொண்டே போனது.

புதன்கிழமை துணியோடு அக்காவும் வண்டியில் போனாள். துண்டு விஷயத்தை நேரில் பேசலாம் என்று. திரும்பி வந்தபோது நெற்றியில் கரி. ஹோட்டல் வாசலில் வண்டி நின்றுபோய், மறுபடி கிளப்பியபோது விட்ட புகை வரவேற்பறைக்குள்ளேயே போயிருக்கிறது. மேடம் ஒரு தலையணை உறையை எடுத்து மூக்கருகில் கொண்டுபோய், நீண்ட பெருமூச்சுவிடப் போய், பாதியிலேயே நிறுத்திக்கொண்டாராம். அவ்வளவு டீசல் வாடை.

“சனிக்கிழமை விளையாட்டு வீரர்கள் கூட்டமா வந்து தங்குறாங்களாம். எல்லா ரூமும் நிரம்புதாம்” என்று அக்கா சொன்னாள். அவள் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால்கூடத் தேவலை. “அவங்க வந்து இறங்குறதுக்கு முன்னாடி எல்லாம் போயாகணும். லேட்டானாலும் சரி, வாடை அடிச்சாலும் சரி, இதோட ஆர்டர, இஸ்திரி வரைக்கும் எல்லாம் மெஷின்லயே பண்றானே, அந்த மெஷின் லாண்டரிக்காரனுக்குக் குடுத்துருவாங்களாம். அவன் வேன அன்னிக்கு வாசல்ல கொண்டுவந்து நிறுத்தச் சொல்லியாச்சாம். துண்டப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. அதான் எனக்குப் பயமா இருக்கு.”

“வாடகைக்கு ஒரு வண்டி பிடிச்சிரலாமே அக்கா” என்றார் இஸ்திரிக்காரம்மா.

“கேட்டாச்சு. அவ்வளவு துணிய ஏத்துற வண்டி அன்னிக்குக் காலையில ஒண்ணும் இல்லையாம். என்னங்க, உங்க கால்ல வேணும்னாலும் விழுறேன். பட்டறைக்காரர ஒரு தடவ பார்க்கச் சொல்லலாம்.”

அத்தான் அவள் தோளில் கை வைத்தார். லிஃப்ட் கம்பெனிக் குரல் வந்தது.

“பதறாத. நான் இருக்கேன்ல?”

“அதுக்குத்தான் பதறுறேன்” என்றாள் அக்கா. “கடைசியில தலையில துண்டப் போட்டுட்டுத்தான் உக்காரப்போறோம்.”

“அதுக்கும் ஒரு துண்டு குறையுதே அக்கா” என்றார் இஸ்திரிக்காரம்மா, பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வெள்ளிக்கிழமை அத்தான் கடைசி ஆயுதத்தை எடுத்தார். டீசல் ஃபில்டரை மாற்றினார். அதை மாற்றினால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடுமாம். அந்தக் காற்றை வெளியே எடுத்தால்தான் வண்டி கிளம்புமாம். எடுக்கிற வேலை எனக்கு வந்தது. ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் ரப்பர் பம்ப். அதை விடாமல் அமுக்க வேண்டும். அவர் ஒரு திருகாணியைத் தளர்த்தி வைத்துக்கொண்டு குமிழி வருகிறதா என்று குனிந்து பார்ப்பார். குமிழி நின்று டீசல் மட்டும் வரும்போது திருகாணியை இறுக்க வேண்டும். அவர், “இப்ப வரும் பாரு, இப்ப வரும் பாரு” என்று முகத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனார். வந்தது. நேராக அவர் மூக்குக்கண்ணாடியில் அடித்து, மீசையில் வழிந்து, சட்டைப் பையில் போய்த் தேங்கியது.

“பார்த்தியா? ஏர் போயிடுச்சு” என்றார், முகத்தைத் துடைக்காமல்.

வண்டி கிளம்பியது. நின்ற இடத்தில் நன்றாகவே ஓடியது. அத்தான் எஞ்சினை அணைத்துவிட்டு, குளித்துவிட்டு, வீரர் மாதிரி தூங்கினார்.

சனிக்கிழமை காலை துணி முழுவதையும் வண்டியில் அடுக்கினோம். வாடை ஏறாமல் இருக்க ஒவ்வொரு கட்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அக்கா நூலால் கட்டியிருந்தாள். அத்தான் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். வண்டி முக்கி முனகி எழுந்தது. கேட் வரைக்கும் வந்தது. ஒரு பெரிய கறுப்பு ஏப்பம் விட்டது. நின்றுவிட்டது.

மறுபடி திருகினார். செல்ஃப் சுற்றியது. எஞ்சின் பிடித்து, இருமி, செத்தது. இன்னொரு முறை. அதே கதை.

இஸ்திரிக்காரம்மா கூடப் பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தான் இறங்கி பானெட்டைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு திருகாணியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். என்னிடம் டார்ச் கேட்கவில்லை. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு முதல்முறையாக அவர்மேல் பரிதாபம் வந்தது.

“நான் பட்டறைக்குப் போறேன்” என்றாள் அக்கா.

“கடை திறந்திருக்காது.”

“வீடு தெரியும்.”

அக்கா செருப்பை மாட்டினாள். கேட்டில் கை வைத்தவள் அப்படியே நின்றாள். திரும்பி வந்து வண்டிக்கு முன்னால் நின்றாள். அவளுக்கு எஞ்சின் என்றால் அடுப்பா, அம்மிக்கல்லா என்று தெரியாது. அவள் அத்தானைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, ஒண்ணு கேக்குறேன். இந்த வாரம் பூராவும் எதையெல்லாம் கழட்டுனீங்க?”

அத்தானுக்கு அந்த நிலைமையிலும் ஒரு சின்னச் சந்தோஷம். விரலை மடக்கினார். “டாங்கு, டீசல் ஃபில்டர், ஹீட்டர் பிளக், பாட்டரி, சைலன்ஸர். கீழ ஒரு பைப்பு, அதுக்குப் பேர் தெரியல. எல்லாம் பார்த்தாச்சு.”

“எதப் பார்க்கல?”

“பார்க்காத இடமே இல்ல. ஏர் ஃபில்டர் ஒண்ணுதான் தொடல. அது போன ஞாயித்துக்கிழமை நானே என் கையால மாட்டுனது. அதுல பார்க்க என்ன இருக்கு?”

“அதத் திறங்க” என்றாள் அக்கா.

“ஏய், சொல்றேன்ல? அது நான்—”

“அதுக்குத்தான் சொல்றேன். நீங்க மாட்டுனதுதானே? திறங்க.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் சேர்த்து வைத்திருந்த படிப்பு முழுவதும் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. அத்தான் இரண்டு மூன்று கிளிப்பைத் தட்டி மூடியைத் தூக்கினார். புது ஃபில்டரை எடுத்தார். அது வெள்ளையாக, மடிப்பு மடிப்பாக, இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. “பாரு, எப்படி இருக்குன்னு” என்று எங்களுக்குக் காட்டினார். காட்டிவிட்டு, அதற்கு அடியில் எஞ்சினுக்குக் காற்று போகிற குழாயின் வாயில் சும்மா ஒரு விரலை விட்டார்.

விரல் போன இடத்திலேயே நின்றது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். காது இரண்டும் சிவந்துவிட்டன. இன்னும் அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

“என்னது?” என்றாள் அக்கா.

“ஒண்ணுமில்ல. எல்லாம் கிளீனா இருக்கு. மூடிரலாம்.”

“கைய எடுங்க.”

“ஏய், அழுக்கு. உன் கையெல்லாம்—”

“எடுங்க.”

அக்கா மூன்று விரலைக் குழாய்க்குள் விட்டு, வளைவில் எதையோ பிடித்து இழுத்தாள். அது வந்தது. வித்தைக்காரன் தொப்பியிலிருந்து வருவதுபோல், வந்துகொண்டே இருந்தது. முழுவதும் வெளியே வந்ததும் அவள் அதை வழக்கமாக உதறுவதுபோல் ஒரு உதறு உதறினாள். கரியும் ஆயிலும் தெறித்தன. பாதி கறுத்துப் போயிருந்தாலும் நீலக் கரை தெரிந்தது.

கேட்டில் ஒரு பூனை போனது. எல்லோரும் அதைப் பார்த்தோம். வேறு எங்கே பார்ப்பது?

“தூசி உள்ள போகாம இருக்கப் பைப்பு வாய அடைச்சு வைக்கச் சொன்னான்” என்றார் அத்தான், வண்டியைப் பார்த்துக்கொண்டு. “சுத்தமான துணியாப் பார்த்து வைக்கச் சொன்னான். நம்ம வீட்டுல சுத்தமான துணிக்கா பஞ்சம்? பலகையில மேலாக்க இருந்துச்சு.”

“அப்புறம் எடுக்கச் சொல்லலையா?” என்றாள் அக்கா.

அத்தான் புது ஃபில்டரில் இல்லாத தூசியைத் தட்டினார். அதற்குள் ஃபில்டர் அழகாகப் பொருந்திவிட்டது என்ற சந்தோஷத்தில் வீடியோவை நிறுத்தியிருப்பார். மீதியைக் கேட்கிற பழக்கம்தான் அவருக்குக் கிடையாதே.

இஸ்திரிக்காரம்மா மெதுவாக அருகில் வந்து துண்டை இரு விரலால் தூக்கிப் பார்த்தார். “ஏண்ணே, அன்னிக்கு அலமாரிக்கு மேலயெல்லாம் எக்கி எக்கித் தேடுனீங்களே, இங்க ஒரு எட்டு எட்டிப் பார்த்திருக்கலாம்” என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, “நான் புடவைய உதற வேண்டியதில்லதானே?” என்றார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவர் கையிலும் கரி.

ஃபில்டரைத் திரும்ப வைத்து மூடி, சாவியைத் திருகியதும் வண்டி ஒரே தட்டில் கிளம்பியது. புகை இல்லை, இருமல் இல்லை. ஒரு வாரம் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்தி வைத்திருந்தவள் கையை எடுத்ததும் விடுகிற மூச்சு மாதிரி ஒரு சத்தம். மூத்த சம்சாரத்தின்மேல் எந்தக் குறையும் இல்லை. குறை எல்லாம் புருஷனிடம்.

அக்கா முன்சீட்டில், மடியில் அந்தத் துண்டு. நான் பின்னால் துணிக் கட்டுகளுக்கு நடுவில். ஏற்றத்தில் வண்டி பறந்தது. வழியில் அத்தான் ஒரு வார்த்தைதான் பேசினார்.

“துண்டப் பத்தி இப்ப சொல்ல வேண்டாமே.”

“நான் சொல்லல” என்றாள் அக்கா. “நீங்க சொல்லுவீங்க.”

ஹோட்டலின் பின்வாசலில் மெஷின் லாண்டரியின் வேன் நின்றுகொண்டிருந்தது. சீருடை போட்ட ஒருவன் அதில் சாய்ந்து பல்லைக் குத்திக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் வண்டி நிற்பதற்குள்ளேயே அக்கா கதவைத் திறந்தாள். மேடம் படியில் நின்றார். நாங்கள் கட்டுகளை இறக்கினோம். அவர் ஒரு உறையைப் பிரித்து விரிப்பை எடுத்து முகர்ந்தார். இன்னொன்றை முகர்ந்தார். இந்த முறை பெருமூச்சு முழுவதுமாக வந்தது. கூட்டம் இன்னும் வந்து இறங்கவில்லை.

அக்கா துண்டை அத்தான் கையில் வைத்து முன்னால் தள்ளினாள்.

அத்தான் தொண்டையைக் கனைத்தார். வேறு குரல் அவரிடம் இல்லை. “பதறாதீங்க மேடம்” என்று ஆரம்பித்தார்.

“நான் பதறலயே. என்ன இது?”

“உங்க துண்டு. அது எங்கயும் போகல. வண்டியோட மூச்சுக்குழாய்க்குள்ள இருந்துச்சு. நான்தான்... சுத்தத்துக்காக...” என்று முழுவதையும் சொன்னார். ஒன்றைக்கூட விடவில்லை. மீதியையும் சேர்த்து அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மேடம் துண்டைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. பெருமூச்சுதான் என்று நினைத்தோம். சிரிக்கிறார். படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வேன்காரனும் பல் குத்துவதை நிறுத்திவிட்டுச் சிரித்தான். பிறகு மேடம் அவனைப் பார்த்துக் கையை ஆட்டினார். “நீ போப்பா. இவங்க வந்துட்டாங்க.”

அக்கா அப்போதுதான் மூச்சுவிட்டாள். எனக்குக் கேட்டது.

“ஆனா ரெண்டு விஷயம்மா” என்றார் மேடம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “வண்டிய இனிமே வேற யாராவது தெரிஞ்சவங்க பார்க்கணும். இவரு ஓட்டட்டும், திறக்கக் கூடாது. அப்புறம், இந்தத் துண்டு எனக்கு வெள்ளையா வரணும்.”

“வந்துரும் மேடம்” என்றாள் அக்கா. “அழுக்காக்கினவரே வெளுப்பார்.”

அன்று மத்தியானமே பட்டறைக்காரர் வீட்டுக்கு வந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். குச்சி விஷயம் வரைக்கும் அக்கா ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தாள். போகும்போது அந்த சோப்புத்தூள் டப்பாக்களையும் முன்சீட்டில் வைத்துக்கொண்டார். “பேஷண்டோட சாமானெல்லாம் இருக்கட்டும்” என்றார். அத்தான் கேட் வரை போய் வண்டியை வழியனுப்பிவிட்டு, போட்ட இடத்தில் போட்டது மாதிரி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. இஸ்திரிக்காரம்மாவுக்கு இல்லை.

பிறகு துண்டோடு சலவைக்கூடத்துக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் அந்தத் தொட்டியில் அவர் கை நனைத்தது அன்றுதான். அக்கா ஒரு கையால் சோப்பை நீட்டி, “டீசல் கறைக்கு முதல்ல—” என்று ஆரம்பித்தாள்.

“பதறாத. நான் பார்த்துக்கிறேன்” என்றார் அத்தான்.

போனை எடுத்து சோப்பு டப்பாவின்மேல் சாய்த்து வைத்தார். கறை எடுப்பது எப்படி என்று யாரோ ஒருவர் பொறுமையாகச் சொல்ல ஆரம்பித்தார். அத்தான் முதல் வாக்கியத்துக்கே தலையை ஆட்டினார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் எங்கேயோ பார்த்தேன்.

தகரக் கூரையில் மத்தியான வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அத்தான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“சின்னவளே, கொஞ்சம் டார்ச் பிடி.”